புகைக்குச் செருப்பு உண்டா?

போடியில் ஓர் ஏலக்காய் மண்டி இருந்தது. மண்டியின் குடோனில் ஒரு கேமரா இருந்தது. அந்தக் கேமராவை நம்பி மூன்று பேர் பிழைத்து வந்தார்கள்.

முதல் ஆள் ஷட்டர். கண்ணைத் திறப்பதும் மூடுவதும் அவன் வேலை. ஒரு நொடியை நூறு துண்டாக நறுக்கி, அதில் ஒரே ஒரு துண்டு நேரம் திறப்பான், உடனே மூடிவிடுவான். அந்தத் துண்டுக்குள் எதிரே என்ன இருந்ததோ, அதுதான் படம். கூட்டியும் சொல்லமாட்டான், குறைத்தும் சொல்லமாட்டான்.

இரண்டாவது ஆள் கெயின். உள்ளே வந்த வெளிச்சத்தை ஊதிப் பெரிதாக்குவது அவன் பிழைப்பு. ஆழாக்கு வெளிச்சம் வந்தால் ஒரு படி என்பான். ஒரு படி வந்தால் ஒரு மூட்டை என்பான். அவன் ஊதுகிற வேகத்தில் எச்சில் தெறித்த மாதிரி படம் முழுக்கப் புள்ளி விழும். அதை அவன் கண்டுகொள்வதே இல்லை.

மூன்றாவது ஆள் பெட்டி. முதலாளி அறையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, கம்பி வழியாக வருவதையெல்லாம் எழுதிக்கொள்ளும். இது சரியா, தப்பா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பதினைந்து நாள் ஆனதும் பழையதை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதும்.

குடோன் நடுப்பகலிலும் இருட்டு. அதற்குக் காரணம் இருந்தது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும். வெளுத்த காயை வியாபாரி கையில்கூட எடுக்கமாட்டான். அதனால் ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டியிருந்தார்கள். எடை மேடைக்கு மேலே மட்டும் ஒரு சின்ன பல்பு எரியும். வெளியிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நிமிடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால்தான் மூட்டை எது, ஆள் எது என்று தெரியும்.

கேமரா மாட்டிய அன்றே முதலாளி திரவியத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தம்பி இது? தார் டின்னுக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கு?"

மாட்டியவன் பைசல். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்தான். "உள்ள வெளிச்சம் இல்ல அண்ணாச்சி. ஷட்டர் வேகமா இருக்கு. அதான் படம் இருட்டா வருது."

திரவியம் திரும்பிக் குடோன் வாசலில் இருந்த இரும்பு ஷட்டரைப் பார்த்தார். "அதுவா வேகமா இருக்கு? துருப்பிடிச்சுப்போய் ரெண்டு பேர் சேந்து தூக்க வேண்டியிருக்கு."

"அது இல்லண்ணாச்சி, கேமராவுக்கு உள்ள இருக்கிற ஷட்டர். கண்ணு இமை மாதிரி. அதை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வச்சா வெளிச்சம் நிறைய வரும். ஆனா அதுக்குள்ள ஆள் நடந்துட்டா உருவம் கலைஞ்சிரும். என்னைக் கேட்டா, நடைபாதைக்கு மட்டும் ரெண்டு விளக்கு போட்டுருங்க. காய்மேல படாம மறைச்சு நான் மாட்டித் தர்றேன்."

"விளக்கா? காய் வெளுத்துச்சுன்னா நீ வந்து பச்சை பூசுவியா?"

பக்கத்தில் பவுன்ராஜ் நின்றிருந்தார். திரவியத்தின் தங்கை வீட்டுக்காரர், மண்டிக்கு மேனேஜர். "மச்சான் கேக்குறத செஞ்சு குடுப்பா. காசு போட்டு வச்சது இருட்டப் பாக்குறதுக்கா?" என்றார்.

பைசல் லேப்டாப்பைத் திறந்து எண்ணை மாற்றினான். நூறில் ஒரு பங்காக இருந்தது ஐந்தில் ஒரு பங்காயிற்று.

ஷட்டருக்குத் தாடை கழன்ற மாதிரி இருந்தது. திறந்த கண்ணை மூடவே விடமாட்டேன் என்கிறார்களே! அந்த நேரத்துக்குள் ஒரு பெண் காய் புடைக்கிற சொளகோடு எதிரே கடந்தாள். இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை இழுபட்டு, முகம் எங்கே, கை எங்கே என்று தெரியாமல் ஒரு நீளமான புகையாகிப் போனாள்.

"ஐயோ, ஆள் கரையுது!" என்றான் ஷட்டர்.

"கரையட்டும்" என்றான் கெயின். "சாக்குல அடிச்சிருக்கிற எழுத்தப் பாரு, ஒண்ணொண்ணா வாசிக்கலாம். முதலாளி சிரிக்கிறாரு. நமக்கு வேற என்ன வேணும்?"

"கேமரா வச்சது ஆளப் பாக்குறதுக்குதானே?"

"அப்பிடி உங்கிட்ட யாரு சொன்னது? கேமரா வச்சது படம் பாக்குறதுக்கு."

பெட்டியிடம் கேட்டார்கள். "குடுக்கிறதை எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அது எழுத்தைத் தொடர்ந்தது.

திரவியத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிற வியாபாரிகளையெல்லாம் அறைக்குள் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "விளக்கே இல்லங்க! பாருங்க, பட்டப்பகல் மாதிரி!" அவர்களும் பார்த்தார்கள். மூட்டைகள் பளபளத்தன, தரை பளபளத்தது, தராசு பளபளத்தது. நடுவே அங்கங்கே புகை போய் வந்தது. "இது என்ன?" என்று ஒருவர் கேட்டார். "அது நம்ம ஆளுங்கதான்" என்றார் திரவியம். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அந்தக் குடோனில் பதினாறு பெண்கள் காய் தரம் பிரித்தார்கள். மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் போட்டு, பெரிது சிறிது பார்த்து, உடைந்ததையும் வெளுத்ததையும் தனியே எடுப்பார்கள். நாள் முழுக்க மூட்டைக்கும் சல்லடைக்கும் நடை. ஷட்டர் கண்ணைத் திறந்தால் பதினாறு புகை. காலையிலிருந்து மாலைவரை ஒரு மூக்கு, ஒரு நெற்றிப்பொட்டு அவன் கையில் சிக்காது.

ஒச்சம்மாள் ஒருத்தியைத் தவிர.

ஒச்சம்மாளுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். வலது முழங்காலில் வீக்கம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் கால் கடுத்துப்போகும். உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் நடைபாதை ஓரத்து மூட்டை அடுக்கில் தோளைச் சாய்த்து, கண்ணை மூடி, பத்து எண்ணுகிற நேரம் அசையாமல் நிற்பாள். அந்தப் பத்து எண்ணுக்குள் அவள் முகம் முழுசாகப் படத்தில் விழும். மூக்குத்தி தெரியும். நெற்றியில் ஒட்டிய முடி தெரியும். வலியில் கீழுதட்டைக் கடித்திருப்பதுகூடத் தெரியும்.

கரைந்து கரைந்து போகிற கூட்டத்தின் நடுவே ஷட்டருக்குக் கிடைத்த ஒரே முகம் அது. மூன்று மணி எப்போது ஆகும் என்று காத்திருக்க ஆரம்பித்தான். ஒச்சம்மாள் வந்து சாய்ந்ததும், "எழுதிக்கோ, எழுதிக்கோ!" என்று பெட்டிக்குக் குரல் கொடுப்பான். தன் ஆசையால் அவளுக்கு என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் மூட்டைகளின் எடை குறைய ஆரம்பித்தது. வரும்போது ஒரு எடை, ஏலத்துக்குப் போகும்போது வேறு எடை. காய் காய்ந்ததால் குறைந்தது என்று முதலில் சொன்னார்கள். ஒரே அடுக்கில், நடைபாதை ஓரத்து மூட்டைகள் மட்டும் எப்படிக் காயும்? திரவியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாள் படத்தை ஓட்டிப் பார்த்தார்.

மூட்டை தெரிந்தது. புகை தெரிந்தது. மூன்று மணிக்கு ஒச்சம்மாள் தெரிந்தாள். மறுநாளும் மூன்று மணி, அதே அடுக்கு, ஒச்சம்மாள். நாலாவது நாளும் ஒச்சம்மாள்.

அவளை அறைக்குக் கூப்பிட்டார்கள். படத்தை அச்செடுக்கப் பைசலையும் வரச்சொன்னார்கள்.

"நாலு நாளும் நீ மட்டும்தான் இருக்க" என்றார் திரவியம். "வேற ஒரு ஆள் முகம் இதுல இல்ல. என்ன சொல்ற?"

ஒச்சம்மாள் திரையைப் பார்த்தாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. "முழங்கா வலி மொதலாளி. செத்த நேரம் சாஞ்சுக்குவேன். செவரு தூரத்துல இருக்கு, மூட்டை பக்கத்துல இருக்கு."

"முழங்கா வலிக்கு ஏலக்காதான் மருந்தாக்கும்?" என்று பவுன்ராஜ் சிரித்தார்.

"மேனேஜரய்யா, நான் கையக் கட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்? படத்துலயே தெரியுதே."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சோ, யாரு கண்டா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்யா. ஓடியாடுன அத்தன பேரையும் விட்டுப்பிட்டு, நின்னவள மட்டும் புடிச்சு வச்சிருக்கே இந்தப் பெட்டி. நிக்கிறது குத்தமா?"

"திங்கக்கிழமை போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். அதுக்குள்ள நீயா ஒத்துக்கிட்டா உனக்கு நல்லது" என்றார் திரவியம்.

ஒச்சம்மாளுக்கு போலீஸ் பயம் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தத் தெருவில் முப்பது மண்டி. ஒரு மண்டியில் கை நீளம் என்று பேர் வாங்கினால், சாயங்காலத்துக்குள் மற்ற இருபத்தொன்பதும் கதவைச் சாத்திவிடும். இருபத்தாறு வருஷமாகக் காய் பொறுக்கிய கைக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. அதுதான் அவளுடைய பயம்.

பைசல் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, இந்தக்கா வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு புகை நிக்குது பாருங்க, அதே மூட்டைகிட்ட. நாலு நாளும் நிக்குது."

"சாம்பிராணி போட்டிருப்பாங்க" என்றார் பவுன்ராஜ்.

பைசல் படத்தைப் பெரிதாக்கினான். "புகைக்குச் செருப்பு உண்டாங்க?"

புகையின் அடியில், தரையோடு ஒட்டி, ஒற்றைச் செருப்பு தெளிவாக இருந்தது. நடக்கிறவன் உடம்பு அசைந்துகொண்டே இருந்தாலும், ஊன்றிய கால் ஒரு கணம் நிற்கும் அல்லவா? அந்தக் கணம் மட்டும் ஷட்டரிடம் சிக்கியிருந்தது. மரக்கலர் தோல் செருப்பு. கட்டைவிரல் வளையத்தில் பித்தளைப் பூ.

"ஊர்ல செருப்புக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு, ஏலத்துக்கு நேரமாகிறது என்று பவுன்ராஜ் எழுந்து போனார். எழும் முன்பே செருப்புக் காலை மேசைக்குக் கீழே இழுத்து மறைத்திருந்தார். திரவியம் திரையிலிருந்த செருப்பை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே ஒரு நாள் ஷட்டரை வேகமா வச்சுப் பாப்போம் அண்ணாச்சி" என்றான் பைசல். "போலீசுக்குக் குடுக்கிறதுன்னா முகம் வேணும்ல."

"மாத்து" என்றார் திரவியம். "ஒரு நாள்தான். வெளிய சொல்லாத." ஒச்சம்மாளைத் திங்கட்கிழமைவரை வரவேண்டாம் என்று அனுப்பினார்.

எண் மறுபடியும் நூறில் ஒன்றாயிற்று. ஷட்டர் தன் பழைய நேரத்துக்குத் திறந்து மூடினான். உடம்பில் பிடித்திருந்த சுளுக்கு விட்ட மாதிரி இருந்தது.

கெயினுக்குத்தான் பொறுக்கவில்லை. பைசல் அவனையும் பாதிக்கு அடக்கி வைத்திருந்தான். "பாரு, எல்லாம் கறுத்துப்போச்சு. நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் குப்பையில போடுவாங்க."

"கறுத்தாலும் உருவம் இருக்கு" என்றான் ஷட்டர். "அந்தம்மா முகத்த நான்தான் பிடிச்சுக் குடுத்தேன். வேற முகத்த நான்தான் தேடணும்."

மூன்று மணிக்கு ஒச்சம்மாள் வரவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆள் வந்தார். இருட்டோடு இருட்டாக வந்தவர் மூட்டை ஓரத்துத் தையலைப் பிரித்து இரண்டு கை அள்ளினார். சட்டைக்கு உள்ளே கட்டியிருந்த பையில் கொட்டிக்கொண்டார். தையலை மறுபடி இழுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். இத்தனை நாளாக வேகம்தான் அவரைக் காப்பாற்றியிருந்தது; இன்றும் புகையாகத்தான் விழுவோம் என்று நம்பினார். எடை மேடையைத் தாண்டும்போது அந்தச் சின்ன பல்பு அவர் மேல் ஒரு கணம் விழுந்தது.

ஒரு கணம் ஷட்டருக்குத் தாராளம். திறந்தான், மூடினான்.

மறுநாள் காலை திரவியமும் பைசலும் அதைப் பார்த்தார்கள். படத்தில் முக்கால்வாசி கறுப்பு. நடுவே பல்புக்குக் கீழே, தூக்கிய காலும் புடைத்த சட்டையுமாகப் பவுன்ராஜ். மீசை முடியைக்கூட எண்ணலாம்.

திரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். தங்கை முகம் நினைவுக்கு வந்ததோ, அடுத்த மாதம் அவள் வீட்டு விசேஷம் நினைவுக்கு வந்ததோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

"படம் ரொம்ப இருட்டா இருக்கு தம்பி" என்றார்.

"ஆள் தெரியுதே அண்ணாச்சி."

"இருட்டா இருக்குன்னு சொல்றேன்ல?"

பைசல் படத்தை மூடினான்.

"இந்தக் கேமராவுக்குக் கண்ணு சரியில்ல. கழட்டி வாசல்ல மாட்டிரு. வர்ற போற ஆட்ட மாட்டப் பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும். உள்ளுக்குப் புதுசா ஒண்ணு வையி. நல்லா பளிச்சுன்னு காட்டணும்."

"ஒச்சம்மாக்கா விஷயம்?"

"வேலைக்கு வரச்சொல்லு. நான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

பைசல் மன்னிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒச்சம்மாளின் வீட்டுக்குப் போய், பார்த்ததை மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை காலை ஷட்டர் வாசல் தூணில் இருந்தான். உச்சி வெயில்கூட வரவில்லை, அதற்குள்ளேயே கண் கூசியது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி ஒன்றை எடுத்தால் போதும்; அவ்வளவு வெளிச்சம். ஊத ஒன்றும் இல்லாமல் கெயின் தூங்கிவிட்டான்.

அப்போது ஒச்சம்மாள் வந்தாள். பின்னால் பதினைந்து பெண்களும் வந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. எதிர் மண்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக் கடையில் நின்றவர்கள் கிளாசோடு திரும்பினார்கள். சத்தம் கேட்டுத் திரவியம் வெளியே வந்தார்.

"உள்ள வா ஒச்சம்மா, உள்ள பேசிக்கலாம்."

"உள்ள இருட்டு மொதலாளி. இங்கயே சொல்லுங்க. நான் எடுத்தேனா?"

"அதான் மன்னிச்சுட்டேன்னு..."

"செய்யாத தப்புக்கு மன்னிப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? எடுத்தேனா, எடுக்கலையா?"

திரவியம் தெருவைப் பார்த்தார். முப்பது மண்டியும் தன்னைப் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. பதினாறு பேரும் இன்று சல்லடையைத் தொடாவிட்டால் நாளைய ஏலம் என்ன ஆகும் என்றும் தோன்றியது.

"எடுத்தது நீ இல்ல" என்றார்.

"சத்தமா."

"எடுத்தது ஒச்சம்மா இல்ல! போதுமா?"

"அப்ப யாரு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"படத்துல சரியாத் தெரியல" என்றார் திரவியம்.

ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும் மொதலாளி. நான் எதுத்த மண்டியில சேந்துக்கிறேன். அங்க சாஞ்சு நிக்க ஒரு செவரு பக்கத்துலயே இருக்கு." எதிர் மண்டிக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையாட்டினார்.

அவள் தெருவைக் கடந்தாள். நொண்டி நொண்டித்தான் நடந்தாள். ஷட்டர் ஒவ்வொரு அடியையும் எடுத்தான். தூக்கிய கால், காற்றில் எழுந்த சேலைக் கரை, பின்னால் திரும்பிக் கூட்டாளிகளைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு. நடக்கிறவள்தான், ஓர் இழை கலையவில்லை.

உள்ளே புதுக் கேமரா வந்துவிட்டது. பட்டப்பகல் மாதிரி காட்டுகிறது. திரவியம் வியாபாரிகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அவர் பார்ப்பதும் அந்தப் படத்தைத்தான். வாசல் படத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

பவுன்ராஜ் தினமும் மூன்றரை மணிக்கு வாசல் வழியே வெளியே வருகிறார். உள்ளே பழகிய வேகத்தில்தான் வருகிறார். வெயிலில் அந்த வேகம் எதற்கும் உதவுவதில்லை. புடைத்த சட்டை, பொத்தான் இடுக்கில் ஒட்டிய ஏலக்காய்த் தோல், எல்லாம் துல்லியமாக விழுகிறது. தூணுக்குக் கீழே வந்ததும் நிற்கிறார். கேமராவின் கறுப்புக் கண்ணாடியில் முகம் நன்றாகத் தெரியும். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, அதைப் பார்த்து நிதானமாகத் தலை வாரிக்கொள்கிறார்.

"என்னன்னு எழுத?" என்று பெட்டி முதல் முறையாகக் கேட்டது.

"பாத்தத எழுது" என்றான் ஷட்டர்.

பெட்டி எழுதிக்கொண்டது: மூன்றரை மணி. வெளிச்சம் நன்று. ஐயா வகிடெடுத்தார்.